கோர்ட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே: நன்னடத்தை அலுவலர் என்ற வேலை

புரொபேஷன் என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது, புதிதாக வேலைக்குச் சேர்ந்தவரை நிரந்தரமாக்குவதற்கு முன் வைத்துப் பார்க்கும் தகுதிகாண் காலம்தான். சட்டத்தில் அந்தச் சொல் வேறொன்றைக் குறிக்கும். குற்றம் செய்தது உறுதியான பிறகும் ஒருவரைச் சிறைக்கு அனுப்பாமல், சில நிபந்தனைகள் போட்டு, ஓர் அலுவலரின் மேற்பார்வையில் வெளியே வாழவிடுவது. தமிழில் இதற்கு நன்னடத்தை என்ற சொல் நிலைத்துவிட்டது. மேற்பார்வை செய்பவர் நன்னடத்தை அலுவலர். இரண்டு பொருளுக்கும் வேர் ஒன்றே, சோதித்துப் பார்ப்பது என்ற லத்தீன் சொல். ஒருவருக்கு அவகாசம் கொடுத்து, என்ன செய்கிறார் என்று பார்ப்பது.

குற்றவியல் நீதித் துறையில் வேலை பார்க்க ஆசை என்று சொல்லும் இளைஞர்களிடம் என்ன வேலை என்று கேட்டால் போலீஸ், வக்கீல், நீதிபதி என்ற மூன்றில் ஒன்று வரும். இன்னும் கொஞ்சம் தேடிப் படித்தவர்கள் தடயவியல் என்பார்கள். நன்னடத்தை அலுவலர் என்ற பதில் அநேகமாக வருவதில்லை. இத்தனைக்கும் வழக்கில் சிக்கிய ஆளோடு அதிக நாள் பழகுகிறவர் இவர்தான். கைது செய்யும் காவலருக்கு அந்த ஆள் ஓர் இரவு. வக்கீலுக்குச் சில வாய்தாக்கள். நீதிபதி பல வழக்குகளில் சில நிமிடங்களுக்கு மேல் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. நன்னடத்தை அலுவலருக்கோ அது ஒரு வருடம், இரண்டு வருடம், சில நேரம் அதற்கும் மேல். அதற்குள் அந்த ஆளுக்கு வேலை கிடைக்கும், போகும். வீட்டில் ஒரு சாவு விழும், ஒரு குழந்தை பிறக்கும். பழைய கூட்டாளி திரும்பி வந்து கதவைத் தட்டுவான். அத்தனையையும் பக்கத்தில் இருந்து பார்க்கிற வேலை இது. இதற்கு யார் பொருந்துவார்கள், எப்படி உள்ளே வருவது, வந்த பிறகு எங்கே போகலாம் என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை இந்த நீண்ட பழக்கத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இந்த வேலையை முதன்முதலில் செய்தவர் அரசு ஊழியரே இல்லை. ஜான் அகஸ்டஸ் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பூட்ஸ் தைத்து விற்றவர், மதுவிலக்கு இயக்கத்தைச் சேர்ந்தவர். 1841 ஆகஸ்டில் ஒரு நாள் காலை அங்கிருந்த போலீஸ் கோர்ட்டில் உட்கார்ந்திருந்தார். கந்தலும் கலைந்த தலையுமாக ஒரு குடிகாரனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். சிறைக்குப் போகவேண்டிய கேஸ். அகஸ்டஸ் அவனிடம் போய்ப் பேசினார். தன்னைக் காப்பாற்றினால் இனி குடிப்பதில்லை என்று அவன் சொன்னதை நம்பி ஜாமீன் எடுத்தார். மூன்று வாரம் கழித்துத் திரும்பக் கூட்டி வந்தபோது ஆள் அடையாளமே தெரியாத அளவுக்கு மாறியிருந்தான். நீதிபதி பெயருக்கு ஒரு சென்ட் அபராதமும் வழக்குச் செலவும் போட்டு அனுப்பிவிட்டார். அகஸ்டஸ் அதோடு நிறுத்தவில்லை. 1859-இல் இறப்பதற்குள் ஏறத்தாழ 2,000 பேரை இப்படித் தன் பொறுப்பில் எடுத்திருந்தார். ஒருவர் சிறைக்குப் போனால் வரவேண்டிய கட்டணம் இவரால் போகிறது என்று கோர்ட்டைச் சுற்றிப் பிழைத்தவர்கள் அவரை எதிர்க்கவும் செய்தார்கள்.

அவர் கேட்ட எல்லோரையும் எடுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆளின் முந்தைய நடத்தை, வயது, இனி யார் நடுவில் வாழப்போகிறான் என்பதையெல்லாம் விசாரித்தார். எடுத்தவர்களுக்குத் தங்க இடமும் வேலையும் தேடினார். பிறகு கோர்ட்டில் நிலவரத்தைச் சொன்னார். இன்றைக்கும் இந்த வேலை அதே மூன்று துண்டுதான்: விசாரிப்பது, கூட இருப்பது, அறிக்கை கொடுப்பது.

மாசசூசெட்ஸ் மாநிலம் 1878-இல் இதற்கென்று ஒரு சட்டம் போட்டு, சம்பளத்துக்கு ஓர் அலுவலரை நியமித்தது. அந்தப் பதவிக்கு வந்த எட்வர்ட் சாவேஜ், பாஸ்டன் போலீஸின் முன்னாள் தலைவர். முதல் தொண்டர் குடிகாரர்களிடம் பரிவு காட்டிய ஒரு தொழிலாளி. சம்பளம் வாங்கிய முதல் ஆள் ஒரு போலீஸ்காரர். இந்தத் தொழிலின் இரண்டு முகமும் தொடக்கத்திலேயே வந்துவிட்டன. இங்கிலாந்தில் 1876-இல் ஃபிரெடரிக் ரெய்னர் என்ற அச்சகக்காரர் ஒரு மதுவிலக்குச் சங்கத்துக்கு அனுப்பிய ஐந்து ஷில்லிங்கிலிருந்து, கோர்ட்டுக்கு வந்து நிற்பவர்களை மீட்க முயன்ற ஊழியத் தொண்டர்கள் வந்தார்கள். 1907-இல் சட்டம் வந்தது. அலுவலரின் கடமையை அந்தச் சட்டம் மூன்று வினைச்சொற்களில் சொன்னது: ஆலோசனை சொல்லவேண்டும், உதவவேண்டும், நட்பாக இருக்கவேண்டும். சென்னை மாகாணத்தில் 1936-இல் ஒரு நன்னடத்தைச் சட்டம் இருந்தது. இந்தியா முழுமைக்கும் 1958-இல் வந்த சட்டம், 21 வயதுக்கு உட்பட்டவர்கள் செய்த பல குற்றங்களில், சிறைக்கு அனுப்புவதாக இருந்தால் ஏன் அனுப்புகிறோம் என்ற காரணத்தை நீதிபதி எழுதியே ஆகவேண்டும் என்று வைத்தது. நீதிபதி அந்த முடிவுக்கு வர முன்னால் கேட்டு வாங்கிப் பார்க்கவேண்டியது நன்னடத்தை அலுவலரின் அறிக்கையை.

அந்த அறிக்கையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். 19 வயதுப் பையன் ஒருவன் ஒரு பைக்கைத் திருடி, இரண்டு நாள் ஓட்டி, பெட்ரோல் தீர்ந்த இடத்தில் விட்டுவிட்டுப் போனான் என்று வைத்துக்கொள்வோம். குற்றப்பத்திரிகையில் இது நாலு வரி. அலுவலர் அவனைச் சந்திக்கிறார், அம்மாவைச் சந்திக்கிறார், வீட்டைப் போய்ப் பார்க்கிறார், படித்த பள்ளியிலும் கடைசியாக வேலை பார்த்த இடத்திலும் விசாரிக்கிறார். அப்பா வெளியூரில் இருக்கிறார் என்று பையன் சொல்கிறான். அம்மா சொல்வது வேறு. புதிதாக வேலைக்கு வந்தவர் இதைக் கேட்டு, "தந்தையின் அரவணைப்பு இல்லாத குடும்பம்" என்று எழுதிவிடுவார். அனுபவம் உள்ளவர் எழுதுவது இப்படி இருக்கும்: "தந்தை மாதத்தில் இரண்டு மூன்று நாள் வருகிறார். வந்தால் அடிதடி. அந்த நாட்களில் இவர் வீட்டில் தங்குவதில்லை. சம்பவம் நடந்த இரவும் அப்படிப்பட்ட ஒன்று."

முதல் வாக்கியத்தைப் படித்த நீதிபதிக்குப் பரிதாபம் வரலாம், அதை வைத்துச் செய்ய ஒன்றுமில்லை. இரண்டாவதில் ஒரு வழி கிடைக்கிறது. அந்த இரண்டு மூன்று இரவுகளில் பையன் எங்கே தங்குவான்? அத்தை வீடா, விடுதியா? அதையே ஒரு நிபந்தனையாக வைக்கலாம். இத்தனைக்கும் அந்த வாக்கியம் அவனுக்காக வாதாடவில்லை. பைக்கை இழந்தவருக்கு என்ன நஷ்டம் என்பதும் அதே அறிக்கையில் இருக்கவேண்டும். இந்தத் துறைக்கு வர நினைப்பவர்கள் முதலில் வளர்த்துக்கொள்ள வேண்டிய திறமை எது என்று கேட்டால் நான் எழுத்தைச் சொல்வேன். கேட்டது எது, தானே பார்த்தது எது, ஊகம் எது என்று பிரித்து எழுதத் தெரிய வேண்டும். ஒரு பெயரடை கூடிப்போனால் ஒருவர் சில மாதம் கூடுதலாக உள்ளே இருக்க நேரிடும். இந்தியச் சட்டம் இந்த அறிக்கையை ரகசிய ஆவணமாக வைக்கிறது. அண்டை வீட்டார் சொன்னது, அம்மா அழுதுகொண்டே சொன்னது எல்லாம் அதில் இருக்கும் என்பதால் அது சரியானதுதான்.

சரி, நீதிபதி அவனை இரண்டு வருட நன்னடத்தையில் விடுகிறார். அப்புறம்தான் நீண்ட பகுதி. திங்கள்தோறும் காலை பத்து மணிக்கு வரவேண்டும் என்பது ஏற்பாடு. இரண்டு வாரம் வந்தான், மூன்றாவது வாரம் வரவில்லை. போன் எடுக்கவில்லை. மறுநாள் வந்து, கிடங்கில் வேலை கிடைத்திருக்கிறது, இரவு ஷிஃப்ட், காலையில் தூங்கிவிட்டேன் என்கிறான். நிபந்தனையை மீறியிருக்கிறான், அதில் சந்தேகமில்லை. கோர்ட்டுக்கு எழுதலாம். எழுதினால் ஒருவேளை உள்ளே போவான், கிடைத்த வேலையும் போய்விடும். எழுதாமல் விட்டு, அவன் சொன்னது பொய்யாக இருந்து, அடுத்த வாரம் இன்னொரு வண்டி காணாமல் போனால் பதில் சொல்லவேண்டியவர் அலுவலர்தான். அவர் கிடங்குக்கு ஒரு போன் போடுகிறார். உண்மைதான் என்று தெரிந்ததும் சந்திப்பை மாலை நாலு மணிக்கு மாற்றி, நடந்ததை ஃபைலில் எழுதி வைத்து, இனி வரமுடியாவிட்டால் முன்கூட்டியே சொல்லவேண்டும் என்று கண்டித்து அனுப்புகிறார். பார்க்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் ஒரு நாளில் இப்படிப் பத்து முடிவு எடுக்கவேண்டும். விதி என்ன சொல்கிறது என்று மட்டும் பார்க்கிறவரும், பாவம் என்று எல்லாவற்றையும் விட்டுவிடுகிறவரும் இரண்டு பேருமே இந்த நாற்காலியில் அதிக நாள் தாக்குப்பிடிப்பதில்லை.

இந்தச் சந்திப்புகளில் என்ன பேசுகிறார்கள் என்பது ரொம்ப நாள் யாரும் உள்ளே போய்ப் பார்க்காத விஷயமாக இருந்தது. கனடாவின் மனிடோபா மாகாணத்தில் ஜேம்ஸ் பான்ட்டாவும் அவருடைய சகாக்களும் அலுவலர்களின் உரையாடல்களை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்து 2008-இல் வெளியிட்டார்கள். நிபந்தனைகளைப் பற்றியே அதிக நேரம் பேசிக்கொண்டிருந்த இடங்களில் மறுபடி குற்றம் நடப்பது கூடுதலாக இருந்தது. கூட்டாளிகள், குற்றத்தைச் சரியென்று நினைக்கவைக்கும் எண்ணங்கள் போன்ற, உண்மையில் ஆளைக் குற்றத்துக்கு இழுக்கும் விஷயங்களுக்கு அலுவலர்கள் கொடுத்த நேரம் குறைவு. இதே பான்ட்டா, ஆண்ட்ரூஸ் என்பவரோடு சேர்ந்து 1990 வாக்கில் வகுத்த கோட்பாடு இன்று பல நாட்டுப் பயிற்சிகளில் அடிப்படைப் பாடம். அதன் சாரம் எளிது. மறுபடி குற்றம் செய்யும் வாய்ப்பு யாருக்கு அதிகமோ அவர்கள்மேல் அதிக உழைப்பைச் செலுத்து. குற்றத்துக்குக் காரணமான தேவையைத் தொடு. அந்த ஆளுக்குப் புரிகிற விதத்தில் செய். அதில் பலருக்கும் நெருடுவது முதல் பகுதி. வாய்ப்பு குறைவாக இருப்பவரைப் பிடித்துக் கடுமையாக மேற்பார்வை செய்தால் நிலைமை கெட்டுப்போகவும் கூடும். வேலைக்கு லீவு போட்டு வாராவாரம் வந்து, தன்னைவிட முற்றியவர்களோடு வரிசையில் உட்கார்ந்தால் வேறு என்ன ஆகும்?

சரியான விதத்தில் அணுகினால் ஆள் மாறுவார் என்ற இந்த நம்பிக்கை எப்போதும் இருந்ததல்ல. 1974-இல் ராபர்ட் மார்ட்டின்சன் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் எழுதிய ஒரு கட்டுரையை, எந்தச் சீர்திருத்தத் திட்டமும் பலன் தருவதில்லை என்ற தீர்ப்பாகவே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அவரே 1979-இல் தன் முடிவைத் திருத்தி எழுதினார். அது முதல் கட்டுரை அளவுக்குக் காதில் விழவில்லை. சிறைகளைக் கட்டுவதில் வேகம் கூடிய காலம் அது. வேலையின் மதிப்பு ஓர் அரசியல் காற்றில் ஏறி இறங்குவதை இந்தத் தொழிலுக்கு வருபவர் தெரிந்துகொண்டு வரவேண்டும். இங்கிலாந்து, வேல்ஸில் 2014-இல் இந்தப் பணியை இரண்டாகப் பிளந்து, குறைந்த, நடுத்தர ஆபத்துள்ளவர்களை 21 தனியார் ஒப்பந்த நிறுவனங்களிடம் கொடுத்தார்கள். அது சரிவராமல் 2021 ஜூனில் எல்லாம் மறுபடி அரசுப் பணிக்கே திரும்பியது. ஏழு வருடத்தில் தங்கள் ஃபைல்கள் இரண்டு முறை கைமாறியதைப் பார்த்த அலுவலர்கள் அங்கே இருக்கிறார்கள். அந்த ஃபைல்களுக்கு உரியவர்களுக்கு, பழகிய முகம் இரண்டு முறை மாறியிருக்கும். நீண்ட பழக்கம்தான் இந்த வேலையின் மூலதனம் என்றால், நிர்வாக மாற்றம் முதலில் தின்பது அதைத்தான்.

உள்ளே வரும் வழி நாட்டுக்கு நாடு மாறுகிறது. அந்த நாடு இந்த வேலையை என்னவாக நினைக்கிறது என்பதை அந்த வழியே காட்டிக்கொடுத்துவிடும். ஸ்காட்லாந்தில் 1968-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு இதைச் சமூகப்பணியாளர்கள்தான் செய்கிறார்கள். சமூகப்பணிப் பட்டம் இல்லாமல் முடியாது. ஜெர்மனியிலும் ஏறக்குறைய அப்படியே. பக்கத்தில் இருக்கும் இங்கிலாந்தோ 1990-களில் சமூகப்பணிப் படிப்போடு இருந்த தொடர்பை வெட்டிவிட்டுத் தனித் தகுதிப் படிப்பை ஏற்படுத்தியது. பயிற்சி அலுவலராகச் சேர்ந்து, சம்பளம் வாங்கிக்கொண்டே படித்து முடிக்கலாம். அமெரிக்கக் கூட்டரசுப் பணியில் இது சட்ட அமலாக்கப் பணியாகவே கருதப்படுகிறது. ஒரு பட்டம் வேண்டும், முதல் நியமனத்தின்போது 37 வயது நிறைந்திருக்கக் கூடாது, 57-இல் கட்டாய ஓய்வு. துப்பாக்கி வைத்திருக்கும் அலுவலர்களும் அங்கே உண்டு. ஜப்பானில் முழுநேர அலுவலர்கள் ஆயிரம் பேர் அளவில்தான். ஊர்ப் பெரியவர்களாக இருக்கும் தொண்டர்கள் 40,000-க்கும் மேல். சம்பளம் கிடையாது, பலர் தங்கள் வீட்டு அறையிலேயே உட்கார்ந்து பேசுகிறார்கள். அகஸ்டஸின் நேரடி வாரிசுகள் என்று அவர்களைத்தான் சொல்லத் தோன்றுகிறது.

என்ன படிக்கலாம் என்று கேட்பவர்களுக்கு: சமூகப்பணி, உளவியல், சமூகவியல், சட்டம், குற்றவியல் என எதிலிருந்தும் வரலாம். குற்றவியல் பட்டம் இருந்தால் போதும் என்று நினைக்கவேண்டாம். குற்றம் ஏன் நடக்கிறது என்ற கோட்பாடு தெரிவது நல்லதுதான்; எதிரில் உட்கார்ந்து வாயைத் திறக்காத 40 வயதுக்காரரைப் பேச வைப்பது வேறு கலை. அதற்குச் சமூகப்பணிப் படிப்பின் களப்பயிற்சி அதிகம் உதவும். மதுப்பழக்கத்திலிருந்து மீட்பதற்காக உருவாகி இங்கும் வந்துசேர்ந்த ஓர் உரையாடல் முறை உண்டு. அறிவுரை சொல்லாமல், மாறவேண்டும் என்ற எண்ணத்தை அவர் வாயாலேயே சொல்ல வைப்பது. கேட்க எளிது, பழகுவதற்கு மாதக்கணக்கில் ஆகும். இன்னொரு விஷயம். முன்பு தண்டனை பெற்றவர்களையே வழிகாட்டிகளாகச் சேர்த்துக்கொள்ளும் அமைப்புகள் இன்று பல நாடுகளில் இருக்கின்றன. தன் கடந்த காலத்தால் இந்தத் துறைக் கதவு மூடிவிட்டது என்று நினைப்பவர்கள், விதிகளைக் கேட்டுப் பார்க்காமல் பின்வாங்கவேண்டாம்.

சேர்ந்த பிறகு போகக்கூடிய திசைகள் நிறைய. சிலர் சிறார் பக்கம் போய்விடுவார்கள். அங்கே வீட்டையும் பள்ளியையும் சேர்த்தே மேற்பார்வை செய்யவேண்டும், அலுவலரின் சொல்லுக்கு எடையும் அதிகம். பாலியல் குற்றம், குடும்ப வன்முறை செய்தவர்களோடு மட்டும் வேலை செய்யத் தனிப் பயிற்சி பெற்றவர்கள் உண்டு. சிலருக்குச் சிறைக்குள் உட்கார்ந்து விடுதலைக்கு ஆளைத் தயார் செய்வது பிடிக்கும். பரோல் முடிவுகளுக்கான மதிப்பீடு, பாதிக்கப்பட்டவர்களுக்கு வழக்கின் நிலையைத் தெரிவித்து அவர்கள் பயத்தைக் கேட்டுக்கொள்ளும் பணி, இரு தரப்பையும் ஒரே அறையில் உட்கார வைக்கும் சமரச வேலை, பயிற்சி, ஆராய்ச்சி என்றும் போகலாம். இதில் பாதிக்கப்பட்டவர்கள் பக்கம் கொஞ்ச காலமாவது வேலை பார்ப்பது அவசியம் என்று அழுத்திச் சொல்வேன். தினமும் தவறு செய்தவரின் கதையையே கேட்டுக்கொண்டிருந்தால் மறுமுனையில் இருப்பவரின் முகம் மங்கிப்போகும். சிறைக் காவலர் பணியையும் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். நார்வேயில் அதற்கே இரண்டு வருடப் படிப்பு, சம்பளத்தோடு. மேலதிகாரி பதவிக்கு உயர்வது இன்னொரு வழி. அங்கே போனால் மனிதர்கள் குறைந்து அட்டவணைகள் கூடும். சிலருக்கு அது பிடிக்கிறது.

கஷ்டத்தையும் சொல்லவேண்டும். ஆபத்தான ஆட்களோடு பழகுவதுதான் இந்த வேலையின் பெரிய சிரமம் என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். உள்ளே இருப்பவர்கள் கேஸ் எண்ணிக்கையைச் சொல்வார்கள். தீவிர மேற்பார்வை வேண்டியவர்கள் என்றால் ஓர் அலுவலருக்கு 20 பேர், நடுத்தர அல்லது அதிக ஆபத்துள்ளவர்கள் என்றால் 50 பேர், குறைந்த ஆபத்துள்ளவர்கள் 200 பேர் வரை என்பது அமெரிக்காவின் நன்னடத்தை, பரோல் சங்கம் பரிந்துரைத்த அளவு. எண்ணிக்கை கூடும்போது முதலில் காணாமல் போவது கிடங்குக்குப் போடவேண்டிய அந்த ஒரு போன்தான். போன் போட நேரமில்லாவிட்டால் விதிப்படி எழுதிவிடுவது எளிது. இப்படித்தான் நல்ல அலுவலர்கள்கூட நாளடைவில் கடுமையானவர்களாக மாறிப்போகிறார்கள். கேட்ட கதைகள் வீடுவரை கூட வருவதும் உண்டு. அதனால் வேலைக்குச் சேரும் முன் கேட்கவேண்டிய கேள்விகள் இரண்டு: ஒருவருக்கு எத்தனை கேஸ்? கஷ்டமான கேஸைப் பற்றி மூத்தவரிடம் உட்கார்ந்து பேச நேரம் ஒதுக்கியிருக்கிறார்களா? சம்பளத்தை அதற்குப் பிறகு கேட்கலாம்.

இன்னொன்றுக்கும் மனதைத் தயார் செய்யவேண்டும். வேலை நன்றாக முடிந்தால் எதுவும் நடக்காது. இரண்டு வருடம் முடிகிற நாளில் பையன் வந்து ஒரு கையெழுத்துப் போடுவான், ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்புவான். ஃபைல் மூடப்படும். அதற்குப் பிறகு அவனைப் பற்றி எதுவும் காதில் விழவில்லை என்றால் அதுதான் நல்ல செய்தி. தவறாக முடிந்த கேஸ்கள் மட்டும் செய்தித்தாளில் வரும்.

இதெல்லாம் உங்களுக்கு ஒத்துவருமா என்று பார்க்க, பட்டப்படிப்பில் சேரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சிறார் வழக்குகளும் வேறு சில வழக்குகளும் மூடிய அறையில் நடக்கும். மற்றபடி பெரும்பாலான நாடுகளில் கோர்ட் கதவு பொதுமக்களுக்குத் திறந்துதான் இருக்கிறது. ஒரு நாள் காலையில் போய், பெரிய கொலை வழக்கு நடக்கும் அறையை விட்டுவிட்டு, சின்னத் திருட்டும் அடிதடியும் வரும் அறையில் பின்வரிசையில் உட்காருங்கள். தண்டனை சொல்லும் நேரம் வரும்போது நீதிபதியின் கையைப் பாருங்கள். சில வழக்குகளில் அவர் தீர்ப்பைச் சொல்வதற்கு முன் சில பக்கங்களைப் புரட்டிப் படிப்பார். அப்போது கூண்டில் நிற்பவரின் முகத்தையும் ஒரு முறை பாருங்கள்.